லுவார் நதிக்கரையிலே இரு தினங்கள்

பிரெஞ்சு தேச வரலாற்றைப் பரீட்சைக்காகப் படித்தவர் எவரும் நாந்த் என்ற பெயரை ஒரு முறையாவது மனனம் செய்திருப்பர். 1598 ஆம் ஆண்டிலே நான்காம் ஹென்றி மன்னன் புரட்டஸ்தாந்து மதத்தினருக்கு வழிபாட்டுரிமை வழங்கிய கட்டளை அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றது. அதனை 1685 ஆம் ஆண்டிலே பதினான்காம் லூயி இரத்துச் செய்தான் என்று அடுத்த வரியில் எழுதிவிட்டால் முழுப் புள்ளியும் கிடைக்கும். நாமும் அவ்வாறே படித்தோம். பின்னர் முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே அவ்வாறே படிப்பித்தோம். அதே லூயி, அதே 1685 ஆம் ஆண்டின் மார்ச் மாதத்திலே, குடியேற்ற நாடுகளின் அடிமைகளைக் கதிரை மேசைகளோடு சேர்த்து அசையும் சொத்தாகக் கணிக்கும் ‘கறுப்புச் சட்டக்கோவை’ ஒன்றையும் பிறப்பித்தான் என்பதை எமது பாடநூல் கூறவில்லை. நாமும் கூறவில்லை. கூறாதது தெரியாமையினாலேதான், ஆயினும் ஆசிரியனுக்குத் தெரியாமை முழு நியாயமாகிவிடாது என்பதை ஓய்வு பெற்றபின் அந்நகருக்கு நேரிற் சென்றபோதுதான் உணர்ந்தோம்.

பரிஸிலே எமது சகோதரியின் மகன் ஓர் உணவுச்சாலையின் சமையலறையில் வேலை செய்கின்றான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்நாட்டில் இருந்தும் பரிஸின் சுற்றுப்புறத்தைத் தாண்டி அவன் அதிகம் சென்றதில்லை. கிழமையில் ஒரு நாள் ஓய்வு; அந்த ஒரு நாளும் உடுப்புத் தோய்க்கவும் உறங்கவுமே சரியாகிவிடும். காணவேண்டிய கோபுரங்களையெல்லாம் கண்டு முடித்த நாம், இனி நாந்த் நகருக்குச் செல்ல விரும்புகின்றோம் என்றதும் அவன் வியந்துபோனான். “அங்கை என்ன மாமா இருக்கு?” என்று கேட்டான். எனினும், முதியவரைத் தனியே விட மனமின்றி, முதலாளியிடம் இரண்டு நாள் விடுமுறை கேட்டுப் பெற்று எம்மோடு புறப்பட்டான்.

பரிஸின் மொம்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேகப் புகையிரதம் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் நாந்த் நகரை அடைந்துவிடுகின்றது. ஆன்ஜே என்ற ஊரைக் கடந்தபின் பாதை லுவார் ஆற்றை ஒட்டியே செல்கின்றது. ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் ஓடும் இந்த ஆறே பிரான்சின் மிக நீண்ட ஆறு. மாளிகைகளும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த அதன் நடுப்பகுதியையே உல்லாசப் பிரயாணிகள் அறிவர். நாம் கண்டதோ அகன்று, கலங்கி, மணற்றிட்டுகளுக்கிடையே சோம்பி நடக்கும் ஒரு பழுப்பு நீர்ப்பெருக்கு. கடலிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் உள்ளே அமைந்திருந்தும் நாந்த் நகர்வரை கடலின் வற்றுப்பெருக்கு ஏறி இறங்குகின்றது. கடற்கப்பல் வந்து நிற்கவும், ஆற்றுப் படகு உள்நாட்டிலிருந்து வந்து சேரவும் ஏற்ற இடம். எர்த்ர் என்ற சிற்றாறு வடக்கிலிருந்தும் செவ்ர் என்பது தெற்கிலிருந்தும் வந்து இங்கே கலக்கின்றன. உப்பும் திராட்சை மதுவும் இந்நகரின் பழைய வாணிபப் பொருள்கள். அப்பொருள்களோடு மட்டும் நின்றிருந்தால் அது ஒரு சிறு துறைமுகமாகவே இருந்திருக்கும்.

புகையிரத நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பிரித்தானிப் பிரபுக்களின் கோட்டை. 1466 ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கியது. வெளியே கருங்கல் மதிலும் அகழியும், உள்ளே வெண்கல் மாளிகையும். இங்கே 1477 ஆம் ஆண்டு பிறந்த ஆன் என்னும் இளவரசி பிரான்சின் இரண்டு மன்னருக்கு ஒருவர்பின் ஒருவராக மனைவியானாள். 1532 ஆம் ஆண்டிலே பிரித்தானி பிரான்சோடு இணைக்கப்பட்டது. அரச திருமணங்களில் ஆர்வமுடையோருக்கு வழிகாட்டி நூல்கள் ஏராளம் உண்டு. நாம் அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகின்றோம். எம்மை அக்கோட்டைக்கு இழுத்தது 2007 ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட நகர வரலாற்று நூதனசாலையாகும்.

அந்த நூதனசாலையில் ஒரு நீர்வர்ண ஓவியம் இருக்கின்றது. ‘மரி செராபீக்’ என்ற நாந்த் கப்பலைப் பற்றி 1770 ஆம் ஆண்டளவில் வரையப்பட்டது. கப்பலின் பக்கத் தோற்றம், தளங்களின் அமைப்பு, பீப்பாக்கள் அடுக்கப்பட்ட அடித்தளம் ஆகிய யாவும் ஒரு கட்டிடக் கலைஞனின் நிதானத்தோடு வரையப்பட்டுள்ளன. ஒரு தளத்தில் மட்டும் பீப்பாக்களுக்குப் பதிலாக மனிதர். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர்; ஒருவரோடொருவர் ஒட்டியபடி வரிசை வரிசையாகக் கிடக்கின்றனர். வரைந்தவனுக்குக் கோபமோ இரக்கமோ இருந்ததாகத் தெரியவில்லை. ஒழுங்காக ஏற்றப்பட்ட ஒரு சரக்கைக் காட்டுவதே அவன் நோக்கமாக இருந்திருக்கவேண்டும். நாம் நெடுநேரம் அதன் முன்னே நின்றோம். எம்மருகே ஓர் ஆசிரியை பத்து வயதுப் பிள்ளைகள் சிலரை நிலத்தில் இருத்தி அப்படத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கை உயர்த்திக் கேள்வி கேட்டனர். எமது முப்பது ஆண்டுகள் அப்பொழுது எமக்கு நினைவு வந்தன.

பிரான்சின் துறைமுகங்களிலிருந்து அடிமை வாணிபத்திற்காகப் புறப்பட்ட கப்பற் பயணங்களுள் ஏறத்தாழ 43 வீதம் நாந்த் நகரிலிருந்து புறப்பட்டவை. பயணங்களின் தொகை 1,700க்கு மேல். அவற்றில் ஏற்றப்பட்ட மனிதரின் தொகை நாலரை இலட்சத்திற்கும் ஐந்தரை இலட்சத்திற்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடுகின்றனர். கடலிலேயே மாண்டோர் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். ஆபிரிக்காவுக்குச் சரக்கு, அங்கிருந்து அமெரிக்கத் தீவுகளுக்கு அடிமைகள், தீவுகளிலிருந்து நாந்த் நகருக்குச் சீனி, கோப்பி, அவுரி என இதனை முக்கோண வாணிபம் என்று பாடநூல்கள் அழகாகப் படம் வரைந்து காட்டும். உண்மையிலே அது அவ்வளவு நேரான முக்கோணமன்று. ஒரு கப்பல் அடிமைகளின் விலைக்கீடான சீனியை ஓர் ஓட்டத்தில் ஏற்றி வந்துவிட இயலாது. தோட்ட முதலாளி கடனுக்கே அடிமைகளை வாங்கினான். அந்தக் கடனைச் சீனியாக அறவிட வேறு கப்பல்கள் பல முறை நேரே தீவுகளுக்கு ஓடவேண்டியிருந்தது. ஒரு மனிதனை ஒரு நாள் விற்றுப் பல ஆண்டுகள் அவனுடைய உழைப்பினாலேயே அவன் விலையைப் பெற்றனர். மூலதனம் திரண்ட விதம் பற்றி நாம் நூல்களிலே படித்தவற்றுக்கு இதைவிடத் தெளிவான உரை வேறு வேண்டியதில்லை.

ஆபிரிக்காவுக்கு ஏற்றிய சரக்கு என்ன? இந்த இடத்திலேதான் எமது கால்கள் சற்றுத் தடுமாறின. துப்பாக்கியும் சாராயமும் மணிமாலைகளும் என்றே பொதுவாக எண்ணுவோம். சரக்கின் பெறுமதியிற் பாதிக்கு மேற்பட்டது துணியாகும். அத்துணியிலே பெரும் பங்கு இந்தியத் துணியாகும். சோழமண்டலக் கரையிலே நெய்து, அவுரியில் நீலம் தோய்த்துப் புதுச்சேரியிலிருந்து ஏற்றப்பட்ட துணிக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயரே ‘கினே’. செனகல் ஆற்றுப் பகுதி மக்கள் உண்மையான கினேத் துணியை அதன் மணத்தாலேயே இனங்கண்டு, போலிகளை ஒதுக்கினராம். பிரெஞ்சு இந்தியக் கம்பனியின் கப்பல்கள் கொண்டுவந்த கீழைத்தேயப் பொருள்கள் 1730களின் தொடக்கம்வரை நாந்த் நகரிலேதான் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டன. அச்சடித்த இந்தியத் துணிகளுக்குப் பிரான்சினுள்ளே விதிக்கப்பட்டிருந்த தடை 1759 ஆம் ஆண்டு நீங்கியபின், அவற்றைப் போலச் செய்யும் தொழிற்சாலைகளை நாந்த் நகரிலேயே சுவிஸ் நாட்டவர் நிறுவினர். கம்பனித் தரகரிடம் முன்பணம் வாங்கி அக்கடனிலிருந்து மீளமாட்டாது தறியிலே குனிந்திருந்த தமிழ்நாட்டு நெசவாளி, தன் துணி எந்தக் கரையிலே எதற்கு விலையாகின்றது என்பதை அறிந்திருக்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. சோகி. நம் வீட்டுத் திண்ணைகளிலே சிறுவர் உருட்டி விளையாடும் அதே சோகி, மேற்கு ஆபிரிக்காவிலே நாணயமாக வழங்கிற்று. அது விளைந்த இடம் மாலைதீவு. மாலைதீவுத் தோணிகள் அதனை இலங்கைக்குக் கொண்டுவர, ஒல்லாந்தர் இங்கே வாங்கிக் கப்பல்களிலே ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அனுப்பினர். அச்சந்தையிலிருந்து பிரெஞ்சு அடிமை வாணிபரின் கைகளுக்கு அது சென்றது. ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய பாடத்திலே கறுவாவையும் யானையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவித்திருக்கின்றோம். சோகியைப் பற்றி எந்த மாணவனும் எம்மைக் கேட்டதில்லை.

கோட்டையிலிருந்து வெளிப்பட்டு மேற்கே நடந்தால் ‘பெய்தோத் தீவு’. பெயரிலேதான் தீவு, சுற்றிவர ட்ராம் வண்டிகளும் புற்றரையும். 18 ஆம் நூற்றாண்டிலே கப்பல் முதலாளிகள் இதில் வரிசையாக மாளிகை எழுப்பினர். இரும்புக் கொடிகள் பின்னிய மேன்மாடங்கள். சாளரங்களுக்கு மேலே கல்லிற் செதுக்கிய முகங்கள். கடற்றெய்வம், காற்றுத் தேவன், மது மயக்கத்தில் சிரிக்கும் கிழவன் ஆகியோரிடையே, இங்கும் அருகிலுள்ள கப்பற்றுறையிலும், தடித்த உதடும் சுருண்ட மயிருமுள்ள ஆபிரிக்க முகங்களும் தென்படுகின்றன. தம் செல்வத்தின் மூலத்தை அம்முதலாளிகள் மறைக்க விரும்பவில்லை, அதை அலங்காரமாக்கினர். ஆற்று மணலிலே மரத் தூண்களை இறக்கி எழுப்பிய மாளிகைகளாதலால் பல இன்று ஒருபுறம் சாய்ந்து நிற்கின்றன. “கட்டினவங்கடை மேசன் சரியில்லைப்போல” என்றான் மருமகன். இத்தீவிலே ஒரு வீட்டில் 1828 ஆம் ஆண்டு பிறந்தவரே கடலடிப் பயணங்களைக் கற்பனை செய்த யூல் வேர்ண்.

தீவைச் சூழ்ந்திருந்த ஆற்றுக் கிளைகள் எங்கே போயின? 1926 ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகளாக அவற்றை மண்ணிட்டு மூடிவிட்டனர். எர்த்ர் ஆற்றைச் சுரங்க வழியாகத் திருப்பினர். முதலாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி கொடுத்த நட்டஈடும் இவ்வேலைக்கு உதவிற்று. ‘மேற்கின் வெனிஸ்’ என்று புகழப்பட்ட நகரம் தன் நீரையே புதைத்துவிட்டது. வெள்ளமும் துர்நாற்றமும் போக்குவரத்து நெருக்கடியும் காரணங்களாம். இருக்கலாம்.

எர்த்ர் ஓடிய தடத்திலே அமைந்த அகன்ற வீதியின் பெயர் ‘ஐம்பது பணயக் கைதிகள் வீதி’. 1941 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி நாந்த் நகரின் ஜெர்மன் இராணுவ அதிகாரி கார்ல் ஹொட்ஸ் என்பவனைக் கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டு வீழ்த்தினர். இரண்டு நாட்களின் பின் நாஜிகள் பழிக்குப்பழியாக 48 பேரைக் கொன்றனர்: ஷாத்தோபிரியான் என்ற ஊரிலே 27 பேர், நாந்த் நகரிலே 16 பேர், பரிஸிலே 5 பேர். ஷாத்தோபிரியானில் வீழ்ந்தோருள் கீ மொக்கே என்ற பதினேழு வயது மாணவனும் ஒருவன். கொல்ல முடிவுசெய்த தொகை ஐம்பது. வீதிப் பெயரில் நின்றுவிட்டதும் அதுவே. 1943 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே நேச நாடுகளின் குண்டுவீச்சில் இந்நகரில் 1,400 பேருக்கு மேல் மாண்டனர் என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். விடுதலை செய்ய வந்தோரின் குண்டும் ஏழைத் தெருக்களை விலக்கி விழவில்லை.

இந்த ஆறு கண்ட கொடுமைகளிலே நம் தரப்பினர் சொல்லக் கூசும் ஒன்றும் உண்டு. 1793 ஆம் ஆண்டின் இறுதியிலே புரட்சி அரசின் பிரதிநிதியாக வந்த கரியே என்பவன், கைதிகளை விசாரணையின்றிப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றிலே மூழ்கடித்தான். மாண்டோர் ஆயிரக்கணக்கினர் என்பதில் ஐயமில்லை. முதலிற் பாதிரிமார், பின்னர் அயற்கிராமங்களிலிருந்து வந்த எதிர்ப்புரட்சி விவசாயிகள், பெண்கள், பிள்ளைகள். அவர்களை அடைத்து வைத்த இடம் தீவுகளிலிருந்து வந்த கோப்பியைச் சேமிக்கக் கட்டிய பண்டகசாலை. அதே குடியரசு 1794 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அடிமை முறையை ஒழித்தது. அதே ஆண்டு டிசம்பரில் கரியேயின் தலையையும் வெட்டியது. 1802 ஆம் ஆண்டு நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் கொணர்ந்தான். செந்தொமாங்குத் தீவின் அடிமைகளோ யாருடைய கட்டளைக்கும் காத்திராது 1791 ஆம் ஆண்டிலேயே எழுந்து, 1804 ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஹெயிட்டி என்ற சுதந்திர நாட்டைப் பிரகடனம் செய்தனர். 1825 ஆம் ஆண்டு, அந்த விடுதலைக்கு விலையாகப் பழைய தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடிப் பிராங்கு தரவேண்டும் என்று பிரெஞ்சு மன்னன் போர்க்கப்பல்களை அனுப்பிக் கேட்டான். நாந்த் வாணிபர், சட்டம் தடுத்த பின்னரும், 1831 வரை நூற்றுக்கணக்கான அடிமைப் பயணங்களைக் களவாக நடத்தினர்.

இவ்வளவு செல்வம் குவிந்த நகரிலே உழைப்பாளி எவ்வாறு வாழ்ந்தான்? 1835 ஆம் ஆண்டிலே கெபேன் என்ற வைத்தியர் தம் நண்பர் பொனாமியோடு சேர்ந்து எழுதிய நூலொன்றிலே கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றார். நகர மக்களை எட்டு வகுப்பினராகப் பிரித்து, கடைசி வகுப்பினரின் நிலவறைகளுக்குள் தாமே இறங்கிச் சென்று பார்த்தவர் அவர். ஆண்டுக்கு 300 பிராங்கு உழைக்கும் குடும்பம். வாடகை, விறகு, சலவை, சப்பாத்து முதலியன போக, பாண் மாத்திரம் 150 பிராங்கு. உப்பு, வெண்ணெய், கோவா, உருளைக்கிழங்கு அனைத்துக்கும் எஞ்சியது 46 பிராங்கு. புது உடுப்புக்கு ஒன்றுமில்லை. அன்று மாலை விடுதியறையிலே இக்கணக்கை மருமகனுக்குச் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுத் தனது அறை வாடகையையும் ஊருக்கு அனுப்பும் காசையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினான். அதனை இங்கே எழுதுவது அவனுக்குப் பிரியமாயிராது.

1848 ஆம் ஆண்டு அடிமை முறை இறுதியாக ஒழிந்தது. சீனிக் கப்பல்கள் மட்டும் நிற்கவில்லை. ரியூனியன் தீவின் சீனி நாந்த் நகரின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது. அக்கரும்பை வெட்டியோர் யாவர்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்திலே பெருவிரல் பதித்துக் கப்பலேறிய தமிழர். 1853 ஆம் ஆண்டு ‘ஔரேலி’ என்ற கப்பல் மார்த்தினிக் தீவுக்கு முதலாவது இந்தியக் கூலிகளைக் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு குவாதலூப் தீவுக்கும் சென்றது. குவாதலூப்பிலே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், அக்கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். மலையகத் தோழரின் குடியுரிமைப் போராட்டத்தை அறிந்த நம் வாசகருக்கு இப்பத்தொன்பது ஆண்டுகளின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சீனி இருந்தால் விசுக்கோத்தும் பின்னால் வரும். லெஃபெவ்ர், உத்தீல் என்ற கணவன் மனைவியரின் குலப்பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘லு’ என்று பெயர் பெற்ற விசுக்கோத்துத் தொழிற்சாலை கோட்டைக்கு எதிரே இருந்தது. 1886 ஆம் ஆண்டு அவர்களின் மகன் உருவாக்கிய நாற்சதுர வெண்ணெய் விசுக்கோத்துக்கு நான்கு மூலையும் நான்கு பருவங்கள், விளிம்பிலுள்ள 52 பற்களும் ஆண்டின் கிழமைகள் என்று ஊரார் கூறுவர். மத்தி மீனைப் பேணியிலடைக்கும் தொழிலும் 1824 ஆம் ஆண்டளவிலே கொலேன் என்பவரால் இந்நகரிலேதான் பெருந்தொழிலாக்கப்பட்டது. விசுக்கோத்து உற்பத்தி 1986 ஆம் ஆண்டு நகருக்கு வெளியே சென்றுவிட்டது. எஞ்சிய கட்டிடம் இன்று நாடகமும் இசையும் நிகழும் மண்டபம். அதன் கோபுரத்தின் கீழே ஒரு பைக்கற் வாங்கி மருமகன் பற்களை எண்ணத் தொடங்கினான். இருபதுக்கு மேல் எண்ணப் பொறுமையின்றிக் கடித்துவிட்டான்.

இரண்டாம் நாட் காலை ‘பொஸ்’ கப்பற்றுறைக்குச் சென்றோம். அடிமைக் கப்பல்களைச் சித்தஞ்செய்து அனுப்பிய கரை இதுவே. 2012 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே திறக்கப்பட்ட அடிமை ஒழிப்பு நினைவகம் இங்கேதான் அமைந்திருக்கின்றது. கம்பீரமான தூணோ சிலையோ கிடையாது. ஆற்றோரமாக ஒரு நடைபாதை; அதன் நிலத்திலே 2,000 கண்ணாடிப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1,710 பலகைகளில் நாந்த் நகரிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல்களின் பெயரும் புறப்பட்ட திகதியும். ஏனைய 290 பலகைகளிலே அவை தொட்ட துறைகளின் பெயர்கள். படியிறங்கினால் கரைச்சுவருக்குள்ளே ஒரு நீண்ட வழி. தூண்களுக்கிடையே ஆற்று நீர் தெரிகின்றது. அது சுவரில் மோதும் ஓசை இடையறாது கேட்கின்றது. ‘விடுதலை’ என்ற சொல் 47 மொழிகளில் எழுதப்பட்டிருக்கின்றது.

இந்நினைவகம் நகரத் தந்தைமார் ஒருநாட் காலையில் மனம் இளகிக் கொடுத்ததன்று. 1985 ஆம் ஆண்டு, கறுப்புச் சட்டக்கோவையின் முந்நூறாம் ஆண்டை நினைவுகூர விரும்பியோருக்கு அன்றைய மாநகரசபை ஆதரவு மறுத்தது. ஆய்வாளரும் ஆசிரியரும் கடல்கடந்த தீவுகளிலிருந்து வந்து குடியேறியோரும் சங்கம் அமைத்துச் சலியாது உழைத்ததன் பயனாக 1992 ஆம் ஆண்டு கோட்டையிலே ‘நினைவின் வளையங்கள்’ என்ற கண்காட்சி தொடங்கிற்று. ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் வந்து பார்த்தனர். 1998 ஆம் ஆண்டு, அடிமை ஒழிப்பின் நூற்றைம்பதாம் ஆண்டிலே, இதே கப்பற்றுறையில் நிறுத்தப்பட்ட அடிமைப் பெண்ணின் சிலையைச் சில நாட்களிலேயே யாரோ இரவிலே சிதைத்தனர். அச்சிதைப்புக்குப் பின்னரே நிலையான நினைவுச்சின்னம் வேண்டும் என்ற முடிவு உறுதிப்பட்டது. 2001 ஆம் ஆண்டு மே மாதத்திலே அடிமை வாணிபம் மனித குலத்திற்கெதிரான குற்றம் எனப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. அதனைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு கயானாவின் உறுப்பினர் கிறிஸ்தியான் தோபிரா. தாமாக எவரும் கணக்கேட்டைத் திறந்து காட்டுவதில்லை.

மருமகன் குனிந்து பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நடந்தான். புனிதர்களின் பெயர்கள், பெண்களின் பெயர்கள், நற்குணங்களின் பெயர்கள். நாம் அவனுக்குச் சற்று முன்னே சென்றுவிட்டோம். அவன் எம்மைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

“மாமா, இதிலை கப்பலின்ரை பேர்தானே கிடக்கு. ஏத்திக்கொண்டுபோன சனத்தின்ரை பேர் எங்கை?”

எமக்குத் தெரிந்த விடையைச் சொன்னோம். கப்பற் கணக்குகளிலே ஆண் இத்தனை, பெண் இத்தனை, சிறுவர் இத்தனை என்ற தொகையே இருந்தது. பெயரெழுத அங்கே எவருக்கும் தேவையிருக்கவில்லை. பின்னர் சென்ற நம் கூலிகளுக்கோ பதிவேடு உண்டு. இலக்கமும் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் எழுதப்பட்டன. எழுதிய குமாஸ்தாவின் செவியிலே சிதைந்து, முத்துசாமி ‘மூத்துசமி’யானாலும் இன்றும் அத்தீவுகளிலே அப்பெயர்கள் வழங்குகின்றன. அவன் கேட்டுக்கொண்டான். திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. தான் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியிலே தன்னோடு வந்து, நடுவழியிலே நின்றுவிட்ட ஒருவனைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியிலே நிறுத்திவிட்டான். நாமும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

பாலத்தைக் கடந்து எதிரேயுள்ள நாந்த் தீவுக்குச் சென்றோம். இங்கே ஒரு காலத்திலே கப்பல் கட்டும் தளங்கள் இருந்தன. நகரின் வேலைநிறுத்த வரலாறும் பெரும்பாலும் இவ்வுலோகத் தொழிலாளரின் வரலாறே. 1955 ஆம் ஆண்டுக் கோடையிலே ஆற்றின் கழிமுகத்திலுள்ள சென்-நசேர் கப்பற்றளத் தொழிலாளர் போராடி 22 வீத ஊதிய உயர்வு பெற்றனர். நாந்த் தொழிலாளர் மணிக்கு 40 பிராங்கு உயர்வு கேட்டு எழுந்தனர். ஓகஸ்ட் 19 ஆம் திகதி பொலிசார் சுட்டதிலே ஜான் றிகொலே என்ற இருபத்துநான்கு வயதுக் கட்டிடத் தொழிலாளி உயிரிழந்தான். இந்நகரிலே வளர்ந்த திரைப்பட நெறியாளர் ஜாக் தெமி 1982 ஆம் ஆண்டு எடுத்த படமொன்றிலே அவ்வேலைநிறுத்தத்தைக் காட்டினார். பாத்திரங்கள் யாவும் பாடியே பேசும் படம், பொலிசார் உட்பட! 1968 ஆம் ஆண்டு மே 14 ஆம் திகதி, நகருக்கு அருகே புகெனே என்ற இடத்திலே விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆலையைக் கைப்பற்றி முகாமையாளரை அறையிலே அடைத்தனர். நாடெங்கும் பரவிய மே மாத ஆலைப் பிடிப்புகளுக்கு அதுவே தொடக்கம். அவ்வாலை இன்று ஏர்பஸ் கம்பனிக்கு விமான உறுப்புகளைச் செய்கின்றது.

கப்பற்றளங்களோ இல்லை. கடைசித் தளம் 1987 ஆம் ஆண்டு மூடப்பட்டது. பெருங்கப்பல்கள் இன்று சென்-நசேரிலே கட்டப்படுகின்றன. நாந்த் தீவிலே எஞ்சியவை ‘தீத்தான்’ என்ற இரு பாரந்தூக்கிகள்: 1954 ஆம் ஆண்டினது மஞ்சள், 1966 ஆம் ஆண்டினது சாம்பல். பழைய தொழிலாளர் தம் தொழிலின் நினைவுகளையும் கருவிகளையும் சேகரித்து, தளத்தின் பழைய அலுவலகக் கட்டிடத்திலேயே காத்துவருகின்றனர். அதனைப் பார்க்க வருவோர் சிலர். பக்கத்துக் கொட்டகையிலோ பெருங்கூட்டம். 2007 ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து மரத்தாலும் உருக்காலும் செய்த ஒரு யானை நடந்து வருகின்றது. பன்னிரண்டு மீற்றர் உயரம். முதுகிலும் வயிற்றிலுமாக ஐம்பது பேர்வரை ஏறலாம். தும்பிக்கையால் நீர் பீச்சுகின்றது. யானைகளின் நாட்டிலிருந்து வந்த நாம் ஒரு யந்திர யானையின் பின்னால் பிள்ளைகளோடு பிள்ளைகளாக நடந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அதன் மூட்டுகளையும் ஒட்டுகளையும் செய்தோர் நல்ல தொழிலாளர். அதிலே குறை காண எமக்கு மனமில்லை. ஆயினும் கப்பல் கட்டியோரின் பிள்ளைகளுக்குக் கப்பற்றளம் கொடுத்த வேலையை யானை கொடுக்குமா என்ற கேள்வி மனத்தை விட்டகலவில்லை. உல்லாசப் பிரயாணத்தை நம்பி வாழும் கரையோர ஊர்கள் பலவற்றை நாம் நன்கறிவோம்.

தீவின் மேற்கு முனையிலுள்ள கரைக்குப் பெயர் ‘அந்தில் தீவுகளின் துறை’. தீவுகளிலிருந்து வந்த வாழைப்பழங்களை வைத்துப் பழுக்கப்பண்ணிய நீண்ட கொட்டகை அங்கே இருக்கின்றது. இப்பொழுது அது முழுவதும் உணவுச்சாலைகளும் மதுச்சாலைகளும். எதிரே ஆற்றோரமாகப் பதினெட்டுப் பெரிய வளையங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. இரவிலே சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒளிரும் அவற்றைப் பார்த்தவர் பலரும் கால் விலங்கையே நினைத்தனராம். நாமும் அதையே நினைத்தோம். வாழைப்பழக் கொட்டகையின் பின்புறத்திலே, ஒரு சமையலறை வாசலில், இளைஞன் ஒருவன் நனைந்த மேலங்கியோடு நின்று சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தான். மருமகன் நேரே அவனிடம் சென்று பிரெஞ்சிலே பேசத் தொடங்கினான். கினி நாட்டவனாம், பீங்கான் கழுவும் வேலை. இருவரும் சம்பளத்தைப் பற்றியும், வதிவிடப் பத்திரத்திற்கு எந்த அலுவலகத்திலே எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பது பற்றியும் நெடுநேரம் பேசினர். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவன் சிகரெட்டை அணைத்துவிட்டுப் போனான்.

“என்ன பேர் அவனுக்கு?” என்று கேட்டோம்.

“கேட்டனான் மாமா,” என்றான். அப்பெயரை எமக்குச் சொன்னான். பரிஸ் புகையிரதத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரமே இருந்தது. ட்ராம் தரிப்பிடத்தை நோக்கி விரைந்தோம்.